புதுவருச விளையாட்டு விழாவுக்கு சபை 58,500 கேக்குது, கட்டணுமா அக்கா?

வாசகர் கடிதம்:

அக்கா, நாங்க எழுவான்கரையில ஒரு விளையாட்டுக் கழகம். ஒவ்வொரு சித்திரைப் புதுவருசத்துக்கும் பொது மைதானத்தில விளையாட்டு விழா வைக்கிற நாங்க. காலைல சைக்கிள் ரேஸ், பகல் வழுக்குமரம், கயிறிழுத்தல், முட்டி உடைக்கிறது, சின்னாக்களுக்குப் போட்டி, ராவைக்கு இசை நிகழ்ச்சி. போன வருசம் எங்கட உள்ளூராட்சி சபைக்கு 15,000 கட்டின நாங்க. இந்த வருசம் கேக்கப் போனா ஒரு துண்டில 58,500 எண்டு எழுதித் தந்தாங்க. மைதான வாடகை 10,000, வைப்புப்பணம் 25,000, துப்புரவு 12,000, பாதுகாப்பு 8,000, இதர 3,500. ஏன் இவ்வளவு எண்டு கேட்டா, "உங்கட விழாவுக்குத்தான் கரைச்சல் கூட" எண்டாங்க. ஆனா தை மாசம் இன்னொரு கழகம் அதே மைதானத்தில கிரிக்கெட் மெட்ச் வெச்சதுக்கு ஒரு சதமும் எடுக்கல்லயாம். இது சனத்துட மைதானம்தானே, சனம் வரி கட்டுதுதானே, மறுகா ஏன் காசு? கேள்வி கேட்டா பெர்மிட் தராம விட்டிருவாங்களோ எண்டு பயமாவும் இருக்கு. எங்கட பேர், ஊர், சபை ஒண்டும் போட வேணாம்.
கழகச் செயலாளர், வயசு 26

பதில்:

தம்பி, உங்கட கடிதத்த ரெண்டு மூணு தரம் வாசிச்சன். நான் கனகாலம் உள்ளூராட்சி சபைகள்ள கணக்குப் பகுதியில வேலை செஞ்ச நான், இப்ப ஓய்வில இருந்துகொண்டு கழகங்களுக்கும் கோயில் சபைகளுக்கும் கணக்கு எழுதிக் குடுக்கிறன். அதால உங்களமாதிரி ஆக்கள் கவுண்டருக்கு அங்கால நிண்டு கேக்கிறதும் தெரியும், இங்கால இருக்கிற கிளார்க் என்னத்த நினைச்சுக்கொண்டு இருப்பார் எண்டும் தெரியும்.

முதல்ல அந்தத் துண்டு. சபைத் தலைப்பு இல்லாம, திகதி இல்லாம, கையெழுத்து இல்லாம ஒரு துண்டில எழுதித் தாறது பில் இல்ல. அதுக்கு ஒரு சதமும் கட்டிராதீங்க, ஆனா அதக் கிழிச்சும் எறிஞ்சிராதீங்க, போட்டோ எடுத்து வெச்சிட்டு அஞ்சு வரியையும் தனித்தனியா எழுத்தில கேளுங்க. எப்பிடிக் கேக்கிறது எண்டு கீழ சொல்றன்.

"சனத்துட மைதானம்தானே, ஏன் காசு" எண்டு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான், ஆனா நான் பாத்த ஒரு விசயத்தச் சொல்லணும். ஒரு புதுவருசத்துக்கு அடுத்தநாள் விடியச்சாமம் அஞ்சரை மணிக்கு ஒரு மைதானத்துக்குப் போன நான், துப்புரவுக்கு எத்தின பேர் வந்திருக்காங்க எண்டு பாக்க. ரெண்டு பொம்பளயாக்களும் மூணு ஆம்பளயாக்களும். லஞ்ச் சீட், யோகட் கப், ஐஸ்பழக் குச்சி, கச்சான் கோது, அது பரவாயில்ல, கூட்டினா வந்திரும். முட்டி உடைச்ச இடத்திலதான் பிரச்சின. அந்த ஓட்டுத் துண்டு புல்லுக்குள்ள இறங்கிக் கிடக்கும், விளக்குமாத்துக்கு வராது, குந்தியிருந்து விரலால கிண்டிக் கிண்டித்தான் எடுக்கணும். அதில ஒரு அக்காட பெருவிரல் வெட்டி, அவ சீலத் தலைப்பக் கிழிச்சுச் சுத்திக்கொண்டு மிச்சத்தப் பொறுக்கினா. அண்டைக்கு அவக்கும் புதுவருசம்தான். கொஞ்சம் தள்ளி வழுக்குமரம் நட்ட குழி, முழங்கால் அளவு ஆழம், மூடாமக் கிடந்திச்சி. ஒரு கிழமைக்குப் பிறகு அந்தக் குழியில ஒரு பெடியன் கால் வெச்சு முறிஞ்சு, மூணு மாசம் பள்ளிக்கூடம் போகல்ல. விழா வெச்ச கழகத்திட்ட டிப்போசிட் எடுக்கல்ல, ஆரும் பொறுப்பும் எடுக்கல்ல.

அதால தம்பி, காசு கேக்கிறதே பிழை எண்டு நான் சொல்லமாட்டன். சனம் வீடு வளவுக்குக் கட்டுற சோலை வரி அண்டாடம் குப்பை எடுக்க, தெருலைட் போட, கான் துப்புரவாக்க எண்டு ஏற்கனவே பங்கு பிரிஞ்சு போகுது. ஒரு கழகம் ஒரு நாளைக்கு ஒரு மைதானத்த எடுத்து, அதுக்கெண்டு மேலதிகமா ஆளும் மெசினும் தேவைப்பட்டா அந்தச் செலவக் கழகம் குடுக்கிறது நீதி. ஆனா நடந்த வேலைக்குத்தான் காசு. ஆர் கேக்கிறது, அவங்களப் பிடிக்குமா பிடிக்காதா எண்டு பாத்து விலை சொல்ல ஏலாது. உங்கட அஞ்சு வரியில சிலது வேலைக்குக் கேக்கிற காசு, சிலது அப்பிடித் தெரியல்ல.

58,500 எண்ட உடனே நெஞ்சு திக்கெண்டிருக்கும், ஆனா அதில 25,000 திரும்பி வாற காசு. அதச் செலவோட சேத்துக் கூட்டக்கூடாது. வைப்புப்பணத்துக்குத் தனிப் பற்றுச்சீட்டு எடுங்க, வாடகையோட ஒரே ரிசீட்டில போட விடாதீங்க, ஏனெண்டா சபைக் கணக்கில வாடகை வருமானம், வைப்பு கடன், ரெண்டும் வேற வேற பக்கம் போகணும். ஒண்டாப் போட்டா மறுகா திரும்ப எடுக்க நாயாப் பேயா அலையணும். எத்தின நாளைக்குள்ள திருப்பித் தாறது, என்ன சேதத்துக்கு எவ்வளவு கழிப்பாங்க எண்டு அந்தக் கடிதத்திலயே இருக்கட்டும். இன்னொண்டு, போன வருசத்து ரிசீட்டத் தேடி எடுங்க. அந்த 15,000க்குள்ள டிப்போசிட் இருந்திச்சா? இருந்தா அது திரும்பி வந்திச்சா? கன கழகங்களில செயலாளர் மாறினவுடனே அந்தக் காசு அப்பிடியே சபையில கிடந்திரும்.

மிச்சம் 33,500. வாடகை 10,000 எண்டுறது சபை எல்லாருக்கும் வெச்ச விலையா இருந்தா அதோட மல்லுக்கட்ட ஒண்டுமில்ல. எல்லாருக்கும் வெச்ச விலைதானா எண்டு எப்பிடிப் பாக்கிறது? பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, அதுக்குக் கீழ உபவிதி, அதாவது சபை தானே போடுற விதி, போட்டா வர்த்தமானியில வந்தாத்தான் செல்லும். சபைகள் வருசத்துக்கு எடுக்கிற வரி, கட்டணம் எண்டு கன விசயம் வர்த்தமானியில உள்ளூராட்சிப் பகுதியில, நாலாம் பகுதியில வரும், அரச அச்சகத் திணைக்களத்துட வெப்சைட்டில தமிழிலயே எடுக்கலாம். அதில இல்லாட்டி சபைக் கூட்டத்தில தீர்மானம் எடுத்திருக்கணும், அப்பிடியெண்டா தீர்மான இலக்கமும் திகதியும் கேளுங்க. ஒரு கிளார்க்கோ டெக்னிக்கல் ஒபிசரோ தன்ட மனசில தோண்டினபடி விலை வைக்க ஏலாது.

துப்புரவு 12,000. இதத்தான் இருந்து கதைக்கலாம். எத்தின தொழிலாளி, எத்தின மணித்தியாலம், லீவு நாள் எண்டா என்ன கொடுப்பனவு, ட்ரக்டர் எத்தின நடை, டீசல் எவ்வளவு எண்டு பிரிச்சுத் தரச்சொல்லுங்க. அத ஒழுங்காப் பிரிச்சா 12,000 கூடவும் இல்ல எண்டு உங்களுக்கே விளங்கலாம், குறைய வேணும் எண்டா நீங்களே வேலையப் பங்கெடுங்க. கழகத்துப் பெடியள் 20 பேர் அண்டைக்கு ராவே கூட்டி, சாக்கில கட்டி, பிளாஸ்டிக் வேற சாப்பாட்டுக் கழிவு வேற எண்டு கேட்டடியில வெச்சிருவம், சபை ட்ரக்டர் மட்டும் வந்து ஏத்தட்டும் எண்டு எழுதிக் குடுத்தா எந்தச் சபையும் குறைக்க ஏலாது எண்டு சொல்லாது. முட்டிக்குக் கீழ ஒரு பெரிய படங்க விரிச்சிட்டு உடைங்க, ஓடு முழுக்க அதிலயே விழும், சுருட்டி எடுத்திரலாம். இன்னொரு விசயம், ஐஸ்கிறீம் வான், கச்சான் கடை, விளையாட்டுச் சாமான் கடையிட்ட சபை ஆள் வந்து நாள் வாடகை வெட்டுறதா எண்டு பாருங்க. வெட்டுறது எண்டா, அந்தக் கடைகளால வாற குப்பைக்கும் உங்களிட்டத் துப்புரவுக் காசு கேக்கிறது ஒரே வேலைக்கு ரெண்டு பேரிட்டக் கைநீட்டுற மாதிரி, அத மரியாதையாச் சொல்லிக் காட்டுங்க.

இப்ப அந்தப் பாதுகாப்பு 8,000. எனக்கு மனசில ஏறாத வரி இதுதான். பொலிஸ் சபைக்குக் கீழ இல்ல. உங்கட விழாவுக்கு எத்தின பொலிஸ் வரும் எண்டு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, ஓஐசிதான் தீர்மானிக்கிறது, சபை இல்ல. அப்ப இந்த 8,000 ஆருக்கு? சபைட காவலாளி ஒருவர் ராவைக்கு நிக்கிறார் எண்டா அவருட ஓவர்டைம் எண்டு எழுதட்டும், தாராளமாக் கட்டலாம். "உங்கட ஆக்கள் கரைச்சல்" எண்டுறதுக்காக எண்டா அது செலவு இல்ல, தண்டம். தண்டம் விதிக்கச் சபைக் கவுண்டருக்கு அதிகாரமில்ல.

இது எங்கட ஊர்ப் பிரச்சின மட்டுமில்ல, உலகம் முழுக்க இதே இழுபறிதான். அமெரிக்காவில நியூ ஹாம்ப்ஷயர் எண்ட மாநிலத்தில ஊர்வலத்துக்கு 300 டொலர் வரைக்கும் கட்டணம் எடுக்கலாம் எண்டு சட்டம் இருந்திச்சி. 1941ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெர்மிட் வேலைக்கும் ஒழுங்கு பாக்கிறதுக்கும் வாற செலவுக்குத்தான் அந்தக் காசு எண்டா பிழையில்ல எண்டு தீர்ப்புச் சொன்னது. மறுகா 1987ல ஜோர்ஜியா மாநிலத்தில போர்சித் கவுண்டி (எங்கட மாவட்டம் மாதிரி) எண்ட இடத்தில இனவாதத்துக்கு எதிரா ஏறத்தாழ 20,000 பேர் நடந்தாங்க, எதிர்ப்புக் காட்ட ஆயிரம் பேரளவில வந்தாங்க, பொலிசும் தேசியக் காவல் படையும் எண்டு 3,000க்கு மேல நிண்டு, செலவு 670,000 டொலருக்கு மேல போச்சு. அதுக்குப் பிறகு அந்தக் கவுண்டி, கூட்டம் வைக்க ஒரு நாளைக்கு 1,000 டொலர் வரைக்கும் எடுக்கலாம், எவ்வளவு எண்டு நிர்வாகியே தீர்மானிக்கலாம் எண்டு சட்டம் போட்டது. ஒரு அமைப்பு கூட்டம் வைக்கக் கேட்ட நேரம் 100 டொலர் கேட்டாங்க, நிர்வாகி அந்த விண்ணப்பத்துக்குச் செலவழிச்ச 10 மணித்தியாலத்துக்கு எண்டு. வழக்குப் போய் 1992ல 5க்கு 4 எண்டு தீர்ப்பு வந்தது, அந்தச் சட்டம் செல்லாது எண்டு. 100 டொலர் கூட எண்டுறதுக்காக இல்ல. எந்த அளவுகோலும் இல்லாம ஒரு ஆள் நினைச்ச விலையப் போடலாம், பேசுற விசயத்தப் பாத்து, அதக் கேட்டு ஆர் கொதிப்பாங்க எண்டு பாத்து விலையக் கூட்டலாம் எண்டு இருந்ததுதான் பிழை. அந்த அமைப்பு வெள்ளை இனவாதம் பேசினது, எனக்கு அவங்கள்ள ஒரு துளி விருப்பமுமில்ல. ஆனா பிடிக்காதவனுக்கும் அதே அளவுகோல் எண்டாத்தான் அது அளவுகோல்.

இங்கிலாந்தில லீட்ஸ் யுனைடெட் புட்போல் கழகத்துக்கு நடந்தது உங்களுக்கு இன்னும் கிட்ட. மைதானத்துக்குள்ள நிக்கிற பொலிசுக்குக் கழகம் காசு குடுக்கணும், அது அங்க வழக்கம். வெஸ்ட் யோர்க்சயர் பொலிஸ் வெளியில சுத்துவட்டாரத் தெருவில நிண்டதுக்கும் சேத்து பில் போட்டது. 2013ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அது ஏலாது எண்டது, பொதுத் தெருவில அமைதி காக்கிறது பொலிசுட சாதாரணக் கடமை, அதுக்குத் தனிக் கட்டணமில்ல எண்டு. இந்தத் தீர்ப்புகள் எங்கட நாட்டில செல்லாதுதான், கொண்டுபோய்க் காட்டி வாதாட வேணாம். ஆனா நீங்க கேக்கிறது வீண் பிடிவாதம் இல்ல எண்டு உங்களுக்கு ஒரு தெம்பு வரும்.

"இதர 3,500" எண்ட வரிக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்ல. பேர் இல்லாத செலவுக்குக் காசு இல்ல.

தை மாசம் மற்றக் கழகத்துக்குச் சும்மா குடுத்தது. இதில அவசரப்பட்டு வாய விட்டிராதீங்க தம்பி, அந்தக் கழகத்தோடயும் பகைக்க வேணாம். சபை ஒரு நல்ல நோக்கத்துக்குக் கட்டணத்த விட்டுக்குடுக்கலாம், அது நடக்கிறதுதான், ஆனா அது எழுத்தில, காரணத்தோட, தீர்மானத்தோட இருக்கணும், அதே காரணம் உங்களுக்கும் பொருந்தினா உங்களுக்கும் கிடைக்கணும். எங்கட கோயில்கள நினைச்சுப் பாருங்க. எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, ஒரு தலைக்கட்டுக்கு வரி எவ்வளவு எண்டு கொடியேற முதலே சனத்துக்குத் தெரியும். முடிஞ்சாப் பிறகு கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர் கணக்கு வாசிக்கணும், ஒரு சதம் பிசகினாலும் கூட்டத்தில கிழவன்மார் எழும்பி நிண்டு கேப்பாங்க. சட்டப் புத்தகம் பாக்காமலே எங்கட ஆக்கள் இத நூறு வருசத்துக்கு மேல நடத்துறாங்க. சபையிட்ட நீங்க கேக்கிறதும் அந்த அளவுதான்.

உண்மை என்ன எண்டு அறிய வழி இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். போன ஒரு வருசத்தில அந்த மைதானத்த ஆரார் எடுத்தாங்க, ஒவ்வொருவரிட்டயும் என்னென்ன காசு எடுத்தது, விட்டுக்குடுத்திருந்தா எந்தத் தீர்மானத்தில எண்டு சபைத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் குடுங்க. ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. 14 வேலைநாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். சொல்லாட்டி முதல்ல அங்கயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, மறுகா கொழும்பில தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. சித்திரைக்கு முதல் பதில் வேணும் எண்டா நாளைக்கே குடுக்கணும், வேலைநாள் எண்டா சனி ஞாயிறு போயா கணக்கில வராது.

ராவைக்கு இசை நிகழ்ச்சி. இதில நான் உங்கட பக்கம் முழுசா இல்ல, சொல்லிடுறன். சின்னாக்களுட தவளைப் பாய்ச்சலும் கயிறிழுத்தலும் ஊர்ப் பொது விசயம். ஆனா கம்பனிப் பனர் கட்டி, அனுசரணைக் காசு வாங்கி, கொழும்பில இருந்து சவுண்ட் இறக்கி நடத்திற நிகழ்ச்சிக்கு சபை கூடக் கேட்டா அது அநியாயமில்ல. ரெண்டையும் ஒரே விண்ணப்பத்தில போட்டதாலதான் உங்கட பகல் விழாவுக்கும் ராவு விலை விழுந்திருக்கும் எண்டு நினைக்கிறன். ரெண்டு விண்ணப்பமாப் பிரிச்சுக் குடுங்க. டிக்கட் போட்டா களியாட்ட வரி வரும், அது 1946ஆம் ஆண்டுச் சட்டம், டிக்கட் விக்க முதல் சபைக்குக் கொண்டுபோய்க் கதைச்சுச் சீல் அடிச்சு எடுங்க. டிக்கட் இல்லாட்டி அந்த வரி இல்ல, அப்பிடி ஆரும் கேட்டா எந்த அனுமதிக் கட்டணத்துக்கு எண்டு கேளுங்க. லவுட்ஸ்பீக்கர் பெர்மிட் பொலிசில, ராவு 10 மணியில இருந்து காலை 6 வரைக்கும் அனுமதி இல்ல எண்டு 2007லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. பாட்டுக்காரர் 9 மணிக்கு மேடையேறினா ஒரு மணித்தியாலம்தான், அதக் கணக்குப் பாத்து சம்பளம் பேசுங்க.

சைக்கிள் ரேஸ் ஊர் ரோட்டிலயா, மெயின் ரோட்டிலயா எண்டு நீங்க எழுதல்ல. பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடி எண்டு மட்டக்களப்புக்கு வாற ஏ4 ரோட்டு சபைட இல்ல, வீதி அபிவிருத்தி அதிகார சபைட. அந்த ரோட்டப் பாவிக்கச் சபை காசு எடுத்தாலும் அனுமதி குடுத்ததா ஆகாது. ஊர்வலத்துக்குப் பொலிசுக்கு 6 மணித்தியாலம் முதல் அறிவிக்கணும் எண்டு பொலிஸ் கட்டளைச் சட்டத்தில இருக்கு, ஆனா ரேஸுக்கு அந்த 6 மணித்தியாலத்த நம்பி இருக்காதீங்க, குறைஞ்சது ரெண்டு மூணு கிழமைக்கு முதல் ஓஐசியப் போய்ச் சந்திச்சு, எந்தச் சந்தியில உங்கட பெடியள் கொடியோட நிப்பாங்க எண்டு ஒரு படம் கீறிக் குடுங்க. நீங்க ஆள் போட்டாப் பொலிசும் குறையத்தான் தேவைப்படும். அம்புலன்சுக்கும் சொல்லி வைங்க.

பயம் எண்டு எழுதினது எனக்கு விளங்குது. சண்டைக் கடிதம் எழுதாதீங்க. தவிசாளருக்கு விலாசம் போட்டு, செயலாளருக்கும் உங்கட வட்டார உறுப்பினருக்கும் பிரதி போட்டு இப்பிடி எழுதுங்க: "எமது விழாவினால் சபைக்கு ஏற்படும் உண்மையான செலவைச் செலுத்த எமது கழகம் விருப்பத்துடன் உள்ளது. தங்களால் குறிப்பிடப்பட்ட ஒவ்வொரு தொகையும் எந்த வேலைக்காக, எந்தத் தீர்மானத்தின் அல்லது உபவிதியின் அடிப்படையில் கணிக்கப்பட்டது என்பதைத் தயவுடன் அறியத்தரவும்." அவ்வளவுதான். கட்டுறம் எண்டு முதல் வரியிலயே சொல்லிட்டதால பெர்மிட் மறுக்க அவங்களுக்குக் காரணம் இல்ல. கடிதத்தக் குடுத்து மற்றப் பிரதியில திகதியோட சீல் வாங்குங்க. 2023 பங்குனியில இருந்து ரெண்டு வருசத்துக்கு மேல சபைகள்ள உறுப்பினரே இல்லாம உத்தியோகத்தர்மார்தான் நடத்தினாங்க, கேக்க ஆளில்ல. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு உங்கட வட்டாரத்துக்கு ஒரு ஆள் இருக்கார், வோட்டுக் கேட்டு வந்தவர்தானே, இதக் கூட்டத்தில கேக்கச் சொல்லுங்க. அப்பிடியும் பதில் வராட்டி உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகம் இருக்கு, அதுக்கு எழுதலாம், ஆனா அந்தக் கட்டம் வராது எண்டுதான் நினைக்கிறன்.

பெர்மிட் கைக்கு வந்தாப் பிறகு, விழாவுக்கு முதல்நாள் சபை உத்தியோகத்தர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மைதானத்த ஒரு சுத்துச் சுத்தி போட்டோ எடுங்க, கோல்போஸ்ட், வேலி, தண்ணிப் பைப், லைட்டுக் கம்பம் எல்லாம். முடிஞ்ச அடுத்தநாள் காலைல அவரோடயே திரும்ப ஒருக்கா நடந்து, சேதம் இல்ல எண்டு அங்கயே எழுதி வாங்குங்க, 25,000 திரும்பி வாறதுக்கு அந்தப் பேப்பர்தான் உயிர். வழுக்குமரத்த மட்டும் ராவைக்கே கழட்டி, குழிக்கு மண் போட்டு நல்லா மிதிச்சு இறுக்கிட்டு வீட்ட போங்க, விடியும் வரைக்கும் வைக்காதீங்க.